குழியில் ஒரு கைப்பிடி பொடி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மரங்கள் மண்ணுக்கடியில் பூஞ்சை இழைகள் வழியாகப் பேசிக்கொள்கின்றன என்று தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு ஒரு நாளிதழ் இத்தனை இடம் ஒதுக்கியதில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் அதே பக்கத்தின் ஓரத்தில், பெட்டிச் செய்தியாக ஒரு யோசனை இருந்தது: மரக்கன்று நடும்போது வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையான வேர்ப்பூஞ்சையின் பொடியைக் குழிக்குள் ஒரு கைப்பிடி தூவினால் போதும், கன்று தானே பிழைத்துக்கொள்ளும் என்று. இதை நம்பிச் செய்பவர்களில் பெரும்பாலோருக்குப் பலன் கிடைக்காது. கிடைக்காதபோது பூஞ்சையையே பொய் என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த இழப்பு நேரக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் மரங்கள் பேசும் கதை. கனடாவின் காட்டியல் ஆய்வாளர் சுசான் சிமார்டும் உடன் பணியாற்றியவர்களும் 1997-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், பிர்ச் மரக் கன்றுக்கும் டக்ளஸ் பிர் கன்றுக்கும் இடையே கார்பன் இடம் மாறியதை ஐசோடோப்பு அடையாளத்தால் காட்டினார்கள். அது நல்ல ஆய்வு. ஆனால் தாய்மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது, ஆபத்தை முன்கூட்டியே சொல்கிறது என்றெல்லாம் பிறகு வளர்ந்த பேச்சுக்குக் காட்டில் எடுத்த சான்று போதவில்லை. இதை ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா ஆகிய மூவரும் 2023-இல் விரிவாக எடுத்துரைத்தார்கள். மூவருமே இந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்தவர்கள் என்பதால் அவர்கள் சொல்வதற்குக் கனம் உண்டு. பூஞ்சையைக் காக்க இந்தக் கதை தேவையும் இல்லை. ஐயமின்றித் தெரிந்ததே போதுமான அளவு வியப்பாக இருக்கிறது.

மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துக்கொள்வோம். மண்ணில் மொத்த மணிச்சத்து நிறைய இருந்தாலும், நீரில் கரைந்து வேரை நோக்கி நகர்வது மிகமிகக் குறைவு. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் உள்ளதை உறிஞ்சி முடித்ததும் அங்கே ஒரு வெற்று வளையம் உருவாகிவிடும். அந்த வளையத்தைத் தாண்டிப் போவதுதான் பூஞ்சை இழையின் வேலை. மெல்லிய வேர் ஒன்றின் தடிமன் சில நூறு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வேர்த்தூவி சுமார் 10 மைக்ரான். பூஞ்சை இழையோ பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான்தான். வேர் நுழைய முடியாத மண்துளைக்குள் அது நுழைந்து, வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தொலைவிலிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் தாமிரத்தையும் கொண்டுவருகிறது. அதே தொலைவுக்கு மரம் புதிய வேர் விட்டுப் போக வேண்டுமானால் அதற்குப் பிடிக்கும் செலவு பல மடங்கு.

கூலி இல்லாமல் இது நடப்பதில்லை. ஒளிச்சேர்க்கையில் செய்த சர்க்கரையில் 4 முதல் 20 விழுக்காடு வரை மரம் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. வேர்ச் செல்லுக்குள் புகுந்து வாழும் உள்வேர்ப் பூஞ்சையால் கொழுப்பு அமிலத்தைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது, அதையும் மரமே தருகிறது என்பது 2017-இல் தெளிவானது. ஆகவே மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் மரம் இந்தக் கூலியைக் குறைத்துக்கொள்ளும். அடர்ந்த நிழலில், தனக்கே சர்க்கரை பற்றாத நாற்றுக்குப் பூஞ்சை சுமையாகி வளர்ச்சி சற்றுக் குறைவதும் உண்டு. வேர்ப்பூஞ்சை எங்கும் எப்போதும் வளர்ச்சியைக் கூட்டும் என்று சொல்வது விளம்பரமே தவிர உண்மை அல்ல.

பெட்டிச் செய்தி சொல்லாமல் விட்டதில் மிக முக்கியமானது, இந்தப் பூஞ்சை ஒரே வகை அல்ல என்பது. வேம்பு, புளி, மா, தேக்கு என நாம் அறிந்த மரங்களில் பெரும்பாலானவை உள்வேர்ப் பூஞ்சையுடன் வாழ்பவை. இது வேர்ச் செல்லுக்குள் புகுந்து கிளைக்கும். வேரை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பைன், ஓக், பீச், பிர்ச், சால் போன்றவை புறவேர்ப் பூஞ்சையுடன் வாழ்பவை. இது வேர்நுனிக்கு உறை போட்டதுபோல் மூடி, செல்களின் இடைவெளியில் வலை பின்னும். அந்த வேர்நுனிகள் தூவியின்றி, குட்டையாகத் தடித்து, பைனில் கவட்டைபோல் இரண்டாகப் பிரிந்து இருப்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். யூகலிப்டஸும் சவுக்கும் இரண்டு வகையையும் ஏற்கும். சவுக்கின் வேர் முடிச்சில் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) நிலைநிறுத்தும் பிராங்கியா நுண்ணுயிரும் சேர்ந்துகொள்கிறது. அந்த முடிச்சுக்கு மணிச்சத்து நிறையத் தேவை. அதைக் கொண்டுவருவது பூஞ்சை.

கடையில் 'வேம்' (VAM என்ற ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிட்ட மூட்டையில் இருப்பது உள்வேர்ப் பூஞ்சை. அதைப் பைனுக்குப் போடுவதால் எந்தப் பயனும் இல்லை. முட்டைக்கோஸ், கடுகு குடும்பச் செடிகள் எந்த வேர்ப்பூஞ்சையுடனும் சேர்வதில்லை, அவற்றுக்கும் வீண். மறுபுறம், சரியான துணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போர்ட்டோ ரிக்கோ தீவு சாட்சி. அங்கே பைன் வளர்க்கும் முயற்சி மீண்டும் மீண்டும் தோற்றது. நாற்றுகள் மஞ்சளாகிக் குட்டையாகி மடிந்தன. 1950-களில் வெளியிலிருந்து பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகே அவை தலைதூக்கின. அந்தத் தீவின் மண்ணில் பைனுக்கு உரிய துணை இல்லை, அவ்வளவுதான் காரணம்.

இனி, கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறோம்: மண்ணின் மற்ற நுண்ணுயிர்களுக்குப் பூஞ்சை என்ன செய்கிறது? எங்கள் பார்வையில் இதுதான் முழுப்பக்கத்துக்கும் தகுதியானது.

பூஞ்சை இழையின் மேற்பரப்பில் சர்க்கரை கசிகிறது. அதைத் தேடி பாக்டீரியாக்கள் வந்து ஒட்டுகின்றன. இழையைச் சுற்றி இருக்கும் நீர்ப்படலம் அவற்றுக்குப் பாதையாகவும் ஆகிறது. மண்துகளுக்கு இடையே காற்று நிரம்பிய இடைவெளியை அவற்றால் தனியாகத் தாண்ட முடியாது, இழையின் மேல் நீந்தித் தாண்டுகின்றன. உள்வேர்ப் பூஞ்சைக்குக் கரிம வடிவில் கட்டுண்ட மணிச்சத்தை உடைக்கும் திறன் மிகக் குறைவு. அதைச் செய்யும் பாக்டீரியாவுக்கு அது பிரக்டோஸ் சர்க்கரையைக் கொடுக்கிறது. அந்தச் சர்க்கரை உணவாகவும், நொதியைச் சுரக்கச் சொல்லும் குறிப்பாகவும் வேலை செய்கிறது. பாக்டீரியா உடைத்துத் தருவதைப் பூஞ்சை மரத்துக்குக் கடத்துகிறது. இதற்கு எதிர்த்திசையிலும் உதவி உண்டு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் சில வகைகள் பூஞ்சை வேரைப் பற்றுவதை விரைவுபடுத்துகின்றன. இவற்றுக்கு 'வேர்ப்பூஞ்சைத் துணை பாக்டீரியா' என்ற பெயரே உண்டு. ஆக, பூஞ்சையை மட்டும் தனியே பிரித்துப் பொட்டலம் கட்டினால் பாதி வேலையாட்களை வெளியே விட்டுவிட்டோம் என்று பொருள்.

காட்டின் அளவில் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. உள்வேர்ப் பூஞ்சை மரங்களின் கீழே இலைச்சருகு சீக்கிரம் மட்கும். புறவேர்ப் பூஞ்சை மரங்களின் கீழே மெதுவாக மட்கும், மண் அமிலத்தன்மை கூடியிருக்கும். பைன் காட்டில் வேர்களைத் துண்டித்து அந்தப் பூஞ்சையை விலக்கியபோது சருகு வேகமாக மட்கியதை ரூத் காட்கிலும் பீட்டர் காட்கிலும் நியூசிலாந்திலிருந்து 1971-இல் எழுதினார்கள். மட்கச் செய்யும் உயிர்களுக்குக் கிடைக்க வேண்டிய தழைச்சத்தைப் புறவேர்ப் பூஞ்சை முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எல்லாக் காட்டிலும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. ஆனாலும் புறவேர்ப் பூஞ்சைக் காடுகளின் மண்ணில், ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சேர்ந்திருக்கும் கார்பன் மற்றதைவிட 70 விழுக்காடு கூடுதல் என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்த மரத்தை நடுகிறோம் என்பதோடு, எந்த நுண்ணுயிர்ச் சமூகத்தை அந்த நிலத்தில் குடியேற்றுகிறோம் என்பதையும் சேர்த்தே நாம் முடிவு செய்கிறோம்.

நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் இன்னொரு கண்டுபிடிப்பு 2017-இல் வந்தது. வட அமெரிக்காவின் 55 மர இனங்களை வைத்துப் பார்த்தபோது, புறவேர்ப் பூஞ்சை மரத்தின் நாற்று தன் இனத்து மரத்தடி மண்ணில் நன்றாக வளர்ந்தது. உள்வேர்ப் பூஞ்சை மரத்தின் நாற்று தன் இனத்து மரத்தடி மண்ணில் பின்தங்கியது. பொதுப்படையான போக்கு இது. அந்த மண்ணில் அந்த இனத்துக்கே உரிய நோய்க் கிருமிகள் சேர்ந்திருக்கும். வேரை உறைபோல் மூடும் பூஞ்சை ஓரளவு தடுக்கிறது, உள்ளே வாழும் பூஞ்சை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. எனவே வேம்புக்கு வேம்பின் அடி மண்ணையே அள்ளிவந்து நாற்றுப்பையில் கலப்பது, நல்லதோடு கெட்டதையும் சேர்த்துக் கொண்டுவரும் வழி. வேறு இன மரங்களும் புல்லும் செழித்திருக்கும் இடத்து மேல்மண்ணே மேல். காட்டு மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளுவதும் தவறு. நூற்புழுவும் வேரழுகல் கிருமியும் அதனோடு வரும், அள்ளிய இடமும் பாழாகும்.

இத்தனை உயிர்களும் பெரும்பாலான நிலத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை நாமே கொல்கிறோம் என்பதுதான் எங்கள் கவலை. நாற்றுப்பை மண்ணில் டிஏபி, சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரங்களைத் தாராளமாகக் கலப்பது முதல் தவறு. மணிச்சத்து நிறைந்த நாற்று, பூஞ்சையைக் கிளைக்கத் தூண்டும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை வேரிலிருந்து விடுவதைக் குறைத்துவிடும். பூஞ்சை பக்கத்திலேயே இருந்தாலும் அழைப்பு போகாது. அந்த நாற்று நர்சரியில் பசுமையாக, ஓங்கலாக நிற்கும். பார்ப்பவர்கள் அதையே வாங்குவார்கள். வறண்ட நிலத்தில் நட்ட பிறகு, முதல் கோடையில் அது காய்வதைப் பார்க்க யாரும் அங்கே இருப்பதில்லை.

அடுத்தது நாற்றழுகலுக்குப் பயந்து கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலை மாதாமாதம் வேரில் ஊற்றுவது. ஆராய்ச்சிக்கூடத்தில் உள்வேர்ப் பூஞ்சையை வேண்டுமென்றே ஒடுக்க நீண்டகாலம் பயன்பட்ட பெனோமில் மருந்து மண்ணில் சிதைந்து ஆவதே கார்பென்டசிம்தான் என்றால் அதன் வேகம் புரியும். வடிகாலைச் சரிசெய்து, நீரைக் குறைத்து, பைகளை நெருக்காமல் வைத்தாலே நாற்றழுகலில் பெரும்பகுதி நிற்கும்.

நடும் இடத்தில் நடப்பது இன்னும் கொடியது. பூஞ்சையின் பெரும்பகுதி மேலுள்ள 20, 30 சென்டிமீட்டர் மண்ணில்தான் வாழ்கிறது. இயந்திரம் கொண்டு அந்த மேல்மண்ணை வழித்தெடுத்து ஓரமாகக் குவித்து, கீழ்மண்ணில் குழி தோண்டி நடுகிறோம். குவித்த மண்ணும் உயிருள்ள வேரின்றி மாதக்கணக்கில் கிடந்தால் பூஞ்சை மெல்ல மெல்லச் சாகும். செடியே இல்லாமல் நீண்ட நாள் தரிசாகப் போட்ட வயலில் அடுத்த பயிர் மணிச்சத்துப் பற்றாமல் வெளிறுவதை ஆஸ்திரேலியாவில் 1980-களில் ஆராய்ந்து, பூஞ்சைக் குறைவே காரணம் என்று கண்டார்கள். உழவும் இழை வலையைத் துண்டாக்கும்.

பொடி வாங்கியே ஆக வேண்டிய நிலம் உண்டு: சுரங்கக் கழிவு மேடு, மேல்மண் முழுதும் போன கட்டுமான நிலம், மண்ணே இல்லாமல் நார்க்கழிவிலும் பெர்லைட்டிலும் வளர்க்கும் நாற்று. அங்கேயும் வாங்குவதற்கு முன் சோதிக்க வேண்டும். பல நாடுகளில் ஆய்வாளர்கள் சந்தைப் பொருட்களை வாங்கிச் சோதித்தபோது, அவற்றில் மிகப் பல வேரைப் பற்றவே இல்லை. உள்வேர்ப் பூஞ்சை உயிருள்ள வேரில்லாமல் வளராது; வெறும் திரவ ஊடகத்தில் தொட்டி தொட்டியாகப் பெருக்கியதாக எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். டிரைக்கோடெர்மா நோய்க் கிருமிகளை அடக்கப் பயன்படும் வேறொரு பூஞ்சை, வேர்ப்பூஞ்சை அல்ல. அதுவும் ஹியூமிக் அமிலமும் கலந்த பொடியைப் போட்டுச் செடி செழித்தால், எதனால் செழித்தது என்று சொல்ல இயலாது. உறையில் அச்சிட்ட வித்து எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வெயிலில் கிடந்த மூட்டையில் உயிர் மிஞ்சியிருக்காது.

சோதனை எளியது, ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செய்யலாம். ஆவியில் வேகவைத்து ஆறவைத்த மணலில் பொடியை உறையில் சொன்ன அளவில் கலந்து மக்காச்சோளம் விதையுங்கள். பொடி கலக்காமல் ஒரு தொட்டியும், பொடியையும் வேகவைத்துக் கலந்து இன்னொரு தொட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். ஆறு வாரம் கழித்து மெல்லிய வேர்களை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேர் வெளுக்கும்வரை சூடாக்குங்கள். மக்காச்சோள வேருக்குச் சில நிமிடம். மரவேருக்கு அரை மணியும் அதற்கு மேலும் ஆகும். கரைசல் தோலை அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நன்றாக அலசியபின், 5 விழுக்காடு கறுப்புப் பேனா மை கலந்த வினிகரில் மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, சில சொட்டு வினிகர் விட்ட நீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். எல்லா மையும் பிடிக்காது. முதலில் பூஞ்சை இருக்கும் என்று தெரிந்த வயல் வேரில் முயன்று பாருங்கள்.

நுண்ணோக்கியின் கீழே அப்போது தெரிவது மறக்க முடியாத காட்சி. வெளிறிய செல் ஒவ்வொன்றுக்குள்ளும் நீலக் கறுப்பில் ஒரு குட்டி மரம்: அடியில் தண்டு, மேலே கிளை, கிளைக்கும் கிளை, கடைசியில் பார்வைக்கு எட்டாத மெல்லிய நுனிகள். மரமும் பூஞ்சையும் பண்டமாற்று செய்யும் இடம் அதுதான். சில நாளில் அது சுருங்கி மறையும். அடுத்த செல்லில் புதிதாக ஒன்று கிளைக்கும். பக்கத்தில் பலூன்போல உருண்டிருப்பவை கொழுப்புச் சேமிப்பு. இழைகளில் வரிசையாகக் குறுக்குச்சுவர் தெரிந்தால் அது வேறு பூஞ்சை. இந்தக் குட்டி மரங்களும் பலூன்களும் ஒன்றிலுமே தென்படாவிட்டால், அந்தப் பொடிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

சொந்தமாகவே பெருக்கலாம். மண்ணும் மணலும் சமபங்கு எடுத்து, ஈரமாக்கி, ஒரு மணி நேரம் ஆவியில் வைத்து, மறுநாளும் அதேபோல் வைத்து ஆறவிடுங்கள். தொட்டியில் முக்கால்வரை நிரப்பி, நல்ல இடத்திலிருந்து மெல்லிய வேரோடு எடுத்த மேல்மண்ணை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே மீண்டும் ஆவியில் வைத்த கலவையை இட்டு மக்காச்சோளமோ சோளமோ வெங்காயமோ விதையுங்கள். மணிச்சத்து உரம் கூடாது. பூஞ்சை பற்றிய மக்காச்சோள வேர் மஞ்சள் பூத்திருக்கும், அது நல்ல அறிகுறி. மூன்று நான்கு மாதத்தில் நீரை நிறுத்தி, பத்து நாள் காயவிட்டு, தண்டை அறுத்து, வேரைத் துண்டு துண்டாக நறுக்கி மண்ணோடு கலந்தால் அதுவே நாற்றுக்கு இடும் பூஞ்சை வித்து. நிழலில் உலர்த்திக் குளிர்ந்த இடத்தில் வைத்து அடுத்த பருவத்துக்குள் பயன்படுத்துங்கள். வேரில் நோய்ப் புள்ளியோ நூற்புழு முடிச்சோ கண்டால் அந்தத் தொட்டியை முழுதாகத் தள்ளிவிடுங்கள்.

இதை இடவேண்டியது நாற்றுப்பையில். விதைக்கும்போதோ நாற்றை மாற்றும்போதோ, விதைக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், பைக்கு 5 முதல் 10 கிராம், வளரும் வேர் அதைத் துளைத்துக்கொண்டு போகும்படி வையுங்கள். வித்து முளைத்து விடும் இழை, வேரைத் தொடாமல் அதிக தூரம் போகாது. சில முறை முயன்று ஓய்ந்துவிடும். குழியின் அடியில் தூவிய கைப்பிடிப் பொடி பெரும்பாலும் வீணாவது இதனால்தான். பைனுக்கும் யூகலிப்டஸுக்கும் அதனதன் மரத்தடியில் முளைக்கும் பைசோலித்தஸ் போன்ற பந்துக்காளானின் உலர்ந்த வித்துத் தூளைக் கரைத்து ஊற்றலாம். அதன் ஒரு மில்லிகிராமில் சுமார் 10 லட்சம் வித்துகள். ஒரு கிராம் பல நூறு நாற்றுக்குக் காணும். தூள் நீரில் மிதக்கும், ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டால் கரையும். நாற்றுக்கு ஆறு வாரம் ஆனதும் ஒரு முறை, இரண்டு வாரம் விட்டு மறுமுறை. அயல்நாட்டுக் காளான் வித்து மட்டும் வேண்டாம். பைனோடு போன அமானிட்டா மஸ்காரியா என்ற நச்சுக்காளான் நியூசிலாந்தின் இயற்கைக் காடுகளுக்குள் இன்று பரவிக்கொண்டிருக்கிறது.

நடும்போது மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்து வேரைச் சுற்றி அதையே இடவேண்டும். பையைப் பிரித்த வேர் வெயிலில் கிடக்கக் கூடாது. பூஞ்சை இருப்பது மெல்லிய வேரில், முதலில் காய்வதும் அதுவே. கன்றைச் சுற்றி அரை மீட்டர் தவிர மற்ற புல்லைச் செதுக்காமல் விடுங்கள், அந்த வேர்கள்தாம் பூஞ்சையைத் தாங்கி நிற்கின்றன. சருகு மூடாக்கு மேலேயே இருக்கட்டும். பச்சை மரத்தூளை மண்ணுக்குள் புதைத்தால் தழைச்சத்து முடங்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நடவு விழாச் செய்திகளில் கன்றுகளின் எண்ணிக்கையோடு, மேல்மண் என்ன ஆனது, நாற்றுப்பையில் என்ன உரம் கலந்தது, மூன்று கோடைக்குப் பிறகு எத்தனை கன்று நிற்கிறது என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும். பெட்டிச் செய்தியின் திருத்தத்தையும் வெளியிட்டால் நன்று. 'குழியில் தூவுங்கள்' என்ற இடத்தில் 'நாற்றுப்பையில், விதைக்குக் கீழே' என்று மாற்றினாலே போதும்.

இப்படிக்கு,
மண் நுண்ணுயிரியல், நாற்றங்கால் பணியில் உள்ள வாசகர்கள்